தபாலில் வந்த படிப்பு

1945இல் இலவசக் கல்வி வந்தபோது எங்கள் தோட்டப் பள்ளிகள் அதற்கு வெளியே நின்றன. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்கச் சட்டம் முன்பே சொல்லியிருந்தது. துரைமார் ஒப்புக்கு வைத்தார்கள். பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, எல்லா வகுப்புக்கும் ஒரே வாத்தியார். நமுனுகுலைப் பக்கம் என் அம்மா படித்தது அப்படியொன்றில்தான். கொழுந்துக்கூடை தூக்கும் வயது வந்ததும் அந்தப் படிப்பும் நின்றது.

1970களில் அரசு இந்தப் பள்ளிகளைப் பொறுப்பேற்றது. கற்பிக்க ஆள் இல்லை. 1980களில் மலையகத்துப் பிள்ளைகளையே பயிற்சி இல்லாமல் ஆசிரியராக எடுத்தார்கள். நானும் அப்படி வந்தவள். எங்களைப் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பினால் ஓராசிரியர் பள்ளிகளைப் பூட்ட வேண்டியதுதான். சுவீடன் உதவியோடு தொடங்கிய தொலைக்கல்விப் பயிற்சிதான் அந்தச் சிக்கலை அவிழ்த்தது. பின்னர் அது தேசிய கல்வி நிறுவகத்தின் கீழ் நடந்தது. பாடநூல் தபாலில் வரும், ஒப்படையை எழுதி அனுப்ப வேண்டும், சனி ஞாயிறுகளில் வகுப்பு.

தபால் என்றேன். லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதமெல்லாம் தோட்டத்துக் கந்தோருக்குப் போய், அங்கிருந்துதான் நம் கைக்கு வரும். என் பரீட்சை அனுமதி அட்டை அங்கேயே கிடந்து, பரீட்சைக்கு முதல்நாள் மாலை வந்தது. “யார் பிள்ளைன்னு தெரியல, அதான் வச்சிருந்தோம்” என்றார் அங்கிருந்தவர். லயத்துக் குடும்பங்களுக்குத் தனி முகவரி இல்லாதது எத்தனை பேரின் படிப்பைத் தின்றது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. இன்றும் எனக்கு ஆறாத கோபம் அது.

பேராதனை வெளிவாரிப் பட்டம் முடித்து, 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்குச் சேர்ந்தேன். தமிழிலேயே படிக்க முடிந்தது. பதுளை நிலையத்து வகுப்புக்குப் பசறைப் பாதையில் பஸ் ஏறி இறங்குவோம். கல்வி உளவியல் பாடம் என் வகுப்பறையையே புதிதாகக் காட்டியது. கடைசி வாங்கில் வாய் திறக்காமல் இருந்த சிறுமியை மந்தபுத்தி என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். தாய் குவைத்தில் வீட்டு வேலை, தகப்பன் குடி, வளர்த்தவள் அப்பாயி. பாடநூலைப் படித்த பிறகே அவள் மௌனத்தை ஒரு துயரமாகப் பார்க்கத் தெரிந்தது.

அப்படிப் பார்க்கத் தெரிவது எவ்வளவு தேவை என்று ஒரு மண்சரிவு காட்டியது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அன்று பள்ளிக்குப் போயிருந்ததால் பிழைத்த பிள்ளைகள் உண்டு. திரும்பிவர அவர்களுக்கு வீடு இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. ஆறுதல் சொல்ல வெளியிலிருந்து வருகிறவர்கள் சில வாரம் நிற்பார்கள். அந்தப் பிள்ளையின் பேச்சும் குடும்பமும் தெரிந்தவர் அங்கேயே இருக்கும் ஆசிரியர்தான். துயரத்தை மனத்தோடும் சூழலோடும் சேர்த்துப் பார்க்கக் கற்றுத்தரும் உளசமூகக் கல்வியை முதலில் படிக்க வேண்டியவர் அவரே. வகுப்பை விட்டு அவர் கொழும்பில் போய்த் தங்க முடியாது. தொலைக்கல்வி ஒன்றே அவருக்குச் சரிப்படும்.

உங்கள் தோட்டத்தில் பட்டம் முடித்த ஆசிரியரோ ஆசிரியையோ இருந்தால், உளசமூகத் துறையில் பட்டப்பின் படிப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். சங்கமும் கோயில் கமிட்டியும் கட்டணத்தில் ஒரு பங்கை ஏற்கட்டும்.