ஹேஷ்டேக்

சமூக ஊடகப் பதிவில் # குறியை முன்னால் சேர்த்து, இடைவெளி விடாமல் எழுதப்படும் சொல் அல்லது சொற்றொடர் ஹேஷ்டேக் எனப்படும். ஒரே ஹேஷ்டேக் தாங்கிய பதிவுகள், எழுதியவர்கள் முன்பின் அறியாதவர்களாக இருந்தாலும், ஒரே இடத்தில் திரளும். இன்று விளம்பரத் துறையின் அன்றாடக் கருவியாகிவிட்ட இதை எந்த நிறுவனமும் உருவாக்கவில்லை. எவரும் இதற்குக் காப்புரிமையும் பெறவில்லை.

1988இல் பிறந்த ஐஆர்சி என்னும் இணைய உரையாடல் முறையில், அரட்டை அறைகளின் பெயருக்கு முன் # இடும் வழக்கம் இருந்தது. அதை மனத்தில் கொண்டு 2007 ஆகஸ்ட் 23 அன்று கிறிஸ் மெசினா என்னும் பயனர், ட்விட்டரில் குழுக்களைக் குறிக்க இக்குறியைப் பயன்படுத்தலாமே என்று எழுதினார். அவர் காட்டிய எடுத்துக்காட்டு, தொழில்நுட்ப ஆர்வலர் கூட்டம் ஒன்றின் பெயரான #பார்கேம்ப். ட்விட்டர் நிறுவனத்தார் இதில் அக்கறை காட்டவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் காட்டுத்தீ பரவியபோது, செய்தி பகிர்ந்தவர்கள் இக்குறியைக் கையில் எடுத்தார்கள். பயன் கண்கூடானது. 2009இல் ட்விட்டர் ஹேஷ்டேக்குகளைச் சொடுக்கத்தக்க இணைப்புகளாக மாற்றியது. இன்ஸ்டாகிராம் 2011இலும் ஃபேஸ்புக் 2013இலும் பின்தொடர்ந்தன.

வணிகம் நுழைந்த வாசல் ட்ரெண்டிங் பட்டியல். அதிகம் பேசப்படுபவை தாமாக ஏறிவந்த அப்பட்டியலில், 2010 முதல் பணம் கட்டியும் இடம்பிடிக்கலாம் என்றானது. ‘டாய் ஸ்டோரி 3’ திரைப்படம் அப்படி முதலில் இடம்பிடித்தவற்றுள் ஒன்று.

ஆனால் வாங்கியது இடத்தை மட்டுமே, பேச்சை அல்ல. 2012 ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ் #மெக்டிஸ்டோரீஸ் என்ற ஹேஷ்டேக்கைப் பணம் கொடுத்து முன்னிறுத்தியது. இனிய நினைவுகள் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில், உணவு பற்றிய புகார்களும் கிண்டல்களும் குவிந்தன. இரண்டு மணி நேரத்துக்குள் விளம்பரம் விலக்கப்பட்டது. பேச்சோ அதன்பிறகும் நிற்கவில்லை. சந்தைப்படுத்தும் துறைக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள பாடம் இதுவே என்று சொல்லலாம்: சுவரொட்டியில் நிறுவனம் மட்டும் பேசும், ஹேஷ்டேக்கில் வாடிக்கையாளரும் பேசுவார்.

மறுபுறம், 2014இல் தலையில் பனிக்கட்டி நீரைக் கொட்டிக்கொள்ளும் ‘ஐஸ் பக்கெட் சேலஞ்ச்’ ஹேஷ்டேக் வழியே பரவியது. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏஎல்எஸ் நோயுற்ற பீட் ஃப்ரேட்ஸ், பேட் க்வின் போன்றோர் அதைப் பெருக்கெடுக்க வைத்தனர். அமெரிக்க ஏஎல்எஸ் சங்கத்துக்குச் சில வாரங்களில் சுமார் 11.5 கோடி டாலர் நன்கொடை சேர்ந்தது. எந்த விளம்பர நிறுவனமும் திட்டமிட்டுத் தந்திருக்க முடியாத தொகை அது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைவாசிகள் #சென்னைரெய்ன்ஸ்ஹெல்ப் வழியே படகும் உணவும் தங்க இடமும் தேடித் தந்ததும் இதே வலிமையால்தான்.

தமிழ்த் திரையுலகம் ஹேஷ்டேக்கின் பயனை விரைவில் கற்றது. ‘மெர்சல்’ (2017) படத்தின் ஹேஷ்டேக்குக்கு ட்விட்டரில் தனி எமோஜி கிடைத்தது. தென்னிந்தியப் படம் ஒன்றுக்கு அது முதல் முறை. முதல் பார்வை, டீசர், பாடல் என ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ரசிகர்கள் நேரம் குறித்து ட்ரெண்ட் செய்வது இப்போது விளம்பரத் திட்டத்தின் பகுதியாகவே வைத்து எண்ணப்படுகிறது. கூலியில்லாமல் ரசிகர்கள் தரும் இந்த உழைப்பு, படத்தின் விளம்பரச் செலவுக் கணக்கில் எங்கும் இடம்பெறுவதில்லை.

அண்மைக்காலத்தில், எதைக் காட்டுவது என்பதைத் தளங்களின் பரிந்துரை நிரல்களே தீர்மானிக்கத் தொடங்கியபின், இக்குறியின் தேவை குறைந்துவருகிறது. எக்ஸ் என்று பெயர் மாறிய ட்விட்டர், 2025 ஜூனில் விளம்பரங்களில் ஹேஷ்டேக் இடுவதைத் தடைசெய்தது. பயனர்களின் பதிவுகளில் அது தொடர்கிறது.