அறிவொளி அக்கா தொடங்கிய ஊரணி நோட்டு



நம் கூட்டமைப்பு மலருக்காக என் சின்னம்மாவைப் பற்றி எழுதுகிறேன். ஊரில் அவரை ‘அறிவொளி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மா. படிக்க வந்தவர்களில் பெண்களே அதிகம். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகியதும் அப்போதுதான். பத்தாவது படித்திருந்த சின்னம்மா சம்பளமில்லாத தொண்டராகச் சேர்ந்தார். பகலெல்லாம் வயலில் நின்றுவிட்டு வந்த பெண்களுக்கு ராத்திரி அரிக்கேன் விளக்கில் பாடம் நடத்துவார்.

எங்கள் ஊருக்கு ஆற்றுப் பாசனம் கிடையாது. மழை பெய்து கண்மாயும் ஊரணியும் நிறைந்தால்தான் பிழைப்பு. அதனால் பாடம் முடிந்ததும் ஒரு வேலை கொடுப்பார். “நாளைக்குத் தண்ணிக்குப் போறப்ப ஊரணியில எத்தன படி வெளிய தெரியுதுன்னு எண்ணிட்டு வந்து எழுதுங்கடி.” தேதி, படி எண்ணிக்கை, எழுதியவர் பெயர், அவ்வளவுதான். கையெழுத்துப் போடக் கற்றவர்கள் கணக்கு எழுதவும் பழகினார்கள்.

1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுத் திட்டம் பின்னாளில் எங்கள் மாவட்டத்துக்கும் வந்தது. சின்னம்மா ஊக்குநர் ஆனார். அறிவொளியில் படித்தவர்களே முதல் உறுப்பினர்கள். சேமிப்பு நோட்டோடு ஊரணி நோட்டும் கூட்டத்துக்கு வந்தது.

ஒரு வருஷம் நல்ல மழை பெய்தும் ஊரணி நிறையவில்லை. நோட்டைப் புரட்டினோம். மற்ற வருஷங்களில் கார்த்திகை மாசம் இரண்டு படிதான் வெளியே தெரிந்தது. அந்த வருஷம் ஒன்பது. “மழை பொய்க்கல, வரத்து வாரியப் போய்ப் பாருங்க” என்றார் சின்னம்மா. வாரி முழுக்கச் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. கிராம சபையில் நோட்டை வாசித்தோம். “பொம்பளைக எழுதுன கணக்கா?” என்று சிரித்தவர்கள், தேதி தேதியாக வாசித்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். தூர்வாரத் தீர்மானம் ஆனது. அடுத்த ஐப்பசியில் தண்ணீர் வந்து சேர்ந்தது.

2018 நவம்பர் 16-ல் அடித்த கஜா புயலில் ஊரணிக்கரை மரங்கள் சாய்ந்தன. கம்பு ஊன்றி நடந்த வயசிலும், அடுத்த ஆனியில் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் வேம்பு, நாவல் விதை பொறுக்க வைத்தார். “கரையப் பிடிச்சு வச்சிருக்கிறது வேருதான்டா” என்பார்.

போன வருஷம் சின்னம்மா காலமானார். வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகு ஊரணிக் கணக்கு எதற்கு என்று இளம் உறுப்பினர்கள் கேட்கிறார்கள். எங்கள் குழாயில் வருவது போர்வெல் தண்ணீர். மழைநீர் ஊரணியில் தங்கினால்தான் நிலத்தடியில் ஊறும்.

நோட்டு இப்போது குழுப் பெட்டியில் இருக்கிறது. முறை வைத்துப் போய்ப் படி எண்ணுகிறோம். சந்தா வசூல் முடிந்ததும் அதையும் எழுதுகிறோம். இப்போது நடப்பது ஆறாவது நோட்டு.