பந்தய விமானமும் பழைய எஞ்சினும்

1934ஆம் ஆண்டு அக்டோபர் 20 அன்று, இங்கிலாந்தின் மில்டன்ஹாலிலிருந்து 20 விமானங்கள் மெல்பர்ன் நோக்கிப் புறப்பட்டன. ஏறத்தாழ 18,000 கிலோமீட்டர் நீண்ட அப்பந்தயத்தில் அனைவரும் இறங்கியாக வேண்டிய இடங்கள் ஐந்து: பாக்தாத், அலகாபாத், சிங்கப்பூர், டார்வின், சார்லவில். நம் தீவும் இடம்பெற்ற அந்நிகழ்வு, எஞ்சினைப் பேணுதல் பற்றி நமக்கு உணர்த்துவது மிகுதி.

டி ஹாவிலண்டு நிறுவனம் இப்பந்தயத்திற்கென்றே மூன்று காமெட் விமானங்களைச் செய்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு ஜிப்சி சிக்ஸ் ஆர் எஞ்சின்கள். ஒவ்வோர் எஞ்சினிலும் தலைகீழாய் அமைந்த ஆறு சிலிண்டர்கள். அழுத்த விகிதம் மிகுந்த இத்தகைய எஞ்சினுக்கு உயர்தரப் பெட்ரோல் இன்றியமையாதது. தரம் குறைந்த பெட்ரோல் சீராக எரியாமல் உள்ளே வெடிக்கும், வெப்பம் மிகும், பிஸ்டன் சிலிண்டரில் இறுகிவிடும்.

ஜிம் மாலிசனும் அவர் மனைவி ஏமி ஜான்சனும் ஓட்டிய காமெட்டுக்கு நேர்ந்தது இதுவே. வழிதவறி ஜபல்பூரில் இறங்கிய அவர்கள், பேருந்து நிறுவனமொன்றிடம் கிடைத்த பெட்ரோலை நிரப்பினர். ஒற்றை எஞ்சினோடு அலகாபாத்தை அடைந்தனர். அவர்தம் பந்தயம் அங்கேயே முடிந்தது. ஸ்காட்டும் காம்பெல் பிளாக்கும் ஓட்டிய காமெட் சிங்கப்பூரைக் கடந்து சென்றது. திமோர் கடலின்மேல் ஓர் எஞ்சின் நலிவுற்றபோதும், சுமார் 71 மணி நேரத்தில் மெல்பர்னை எட்டி வென்றது.

வென்ற விமானம் செப்பனிடப்பெற்று 1987இல் மீண்டும் பறந்தது; இன்று ஓல்டு வார்டனிலுள்ள ஷட்டில்வொர்த் சேகரிப்பில் உள்ளது. தலைகீழ் எஞ்சின் ஓடாது நிற்கும்போது எண்ணெய் வடிந்து சிலிண்டரில் தேங்கக்கூடும். அதனைக் கவனியாது முடுக்கினால், அமுக்க இயலாத எண்ணெய் இணைப்புத் தண்டை வளைத்துவிடும். ஆதலின், முடுக்குமுன் சுழல்விசிறியைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்ப்பது வழக்கம். தடை தென்பட்டால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடித்துவிடுவர். சுற்றிப் பார்க்குமாறு கையேடு கூறும். இயல்பான இறுக்கம் எது, ஆபத்தான தடை எது என்பதைப் பழகிய கையே அறியும்.

ஜாலான் புசார் வட்டாரத்து வாகனப் பட்டறைகளில் நாம் காண்பதும் இத்தகைய கையறிவே. கிடைக்காத உதிரிபாகத்தைப் புதிதாகக் கடைந்தெடுக்கலாம். ஓசை கேட்டே பழுதறியும் மூத்த மெக்கானிக்கின் தேர்ச்சியை அவரிடமிருந்தே பெற வேண்டும். அத்தேர்ச்சியைச் சுமந்து வருவன அவர் வழங்கும் சொற்கள். மாணவர்கள் அவற்றை அவர் சொல்லுமாறே கேட்டு எழுதி வகுப்பிற்குக் கொணர்வார்களாயின், ஆசிரியர்களாகிய நாம் கற்பிக்கும் தமிழும் வளம்பெறும்.