இரும்பைக் கதையும் ஆடல் மகளிர் வரலாறும்

தொண்டை நாட்டுத் தேவாரத் திருப்பதிகளுள் இரும்பைமாகாளம் ஒன்று. திருஞானசம்பந்தர் இதனைப் பாடியுள்ளார். விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே செம்மண் மேட்டுப் பாங்கில் அமைந்த இவ்வூர், இன்று இரும்பை என்றே வழங்குகின்றது. பதிகச் சிறப்பினும் மிகுதியாக இவ்வூரை நினைவில் நிறுத்தி வருவது ஊரார் வாயில் வழங்கும் ஒரு கதையாகும். ஆடல் மகளிரின் வரலாற்றை ஆராய்வார்க்கு அக்கதை ஒரு திறவுகோலாக உதவும் என்பது எம் கருத்து.

கதை வருமாறு: கடுவெளிச் சித்தர் என்பார் இங்கு அரசமரத்தடியில் அருந்தவம் புரிந்தனர். அத்தவத்தின் வெம்மையால் நாடு வறண்டது. தவத்தைக் கலைக்க அரசன் ஒரு தேவதாசியை ஏவினன்; அவள் பெயர் வள்ளி என்பர். உதிர்ந்த இலைகளையே உணவாகக் கொண்ட சித்தரின் கையில் அவள் அப்பளம் வைத்து, உப்பின் சுவையைச் சிறிது சிறிதாகப் பழக்கி, அவரைக் கண்விழிக்கச் செய்தனள். மழை பெய்தது. அரசன் கோயிலில் விழா எடுத்தான். அவ்விழாவில் வள்ளி ஆடுகையில் அவள் காற்சிலம்பு கழன்று வீழ்ந்தது. தாளம் பிறழாதிருக்கச் சித்தர் அதனை எடுத்து அவள் காலில் பூட்டினார். ஆடும் உருவில் அவர் கண்டது கூத்தப்பெருமானையே. கூடியிருந்தோர் ஒரு தாசியின் காலைத் துறவி தொட்டார் என்று எள்ளி நகைத்தனர். சித்தர் சினந்து பாடச் சிவலிங்கம் மூன்றாக வெடித்தது, ஊர் பாழாயிற்று. பிளந்த இலிங்கத்தைச் செப்புத் தகட்டாற் பிணைத்து வைத்திருப்பதாக இன்றும் காட்டுவர்.

இது வாய்மொழிக் கதையே, வரலாறு அன்று. ஆயினும் ஒரு பெண்ணை மூவர் மூவகையாகக் காண்பதை நோக்குக. அரசனுக்கு அவள் ஒரு கருவி. சித்தருக்கு அவள் தெய்வத்தின் உரு. கூட்டத்துக்கோ அவள் பிறப்பால் இழிந்தவள். ஆயினும் அவள் ஆட்டத்தைக் காணவே அக்கூட்டம் திரண்டது. இராமாயணப் பாலகாண்டத்து ரிசியசிருங்கர் கதையும் இத்தகையதே. அங்க நாட்டு வறட்சி நீங்க முனிவரை அழைத்து வந்தவர்கள் கணிகையர். முனிவரை மணந்தவளோ அரசன் மகள் சாந்தை. அழைத்து வந்த மகளிர் அதன்பின் கதையில் இடம் பெறார். இக்குறிப்பினை மனத்திற் கொள்க, பிறகு பயன்படும்.

ஆடல் மகளிர் எக்காலத்தும் இகழப்பட்டனரோ எனின், இல்லை. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு, இராசராசன் பல கோயில்களிலிருந்து வருவித்துக் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரை, அவர்தம் பெயர், பழைய ஊர், தெருச் சிறகு, வீட்டு எண் ஆகியவற்றுடன் வரிசைப்படுத்துகின்றது. ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல்லாகிய பங்கும் உண்டு. ஒருத்தி இறப்பின் அவள் உறவினருள் தகுதியுடையார் அப்பங்கினைப் பெறுவர். தந்தை பெயர் சுட்டப்படுவதில்லை. ‘நக்கன்’ என்னும் சிவன் பெயரே முன் நிற்கும். சோழர் காலக் கல்வெட்டுகளைத் தொகுத்து ஆராய்ந்த லெஸ்லி ஓர் 2000-இல் வெளியிட்ட நூலில், கோயிற் பெண்டிர் ஆடுவோராகக் காணப்படுவதினும் கோயிலுக்குக் கொடை வழங்குவோராகவே மிகுதியும் காணப்படுகின்றனர் என நிறுவியுள்ளார். விளக்கெரிக்கப் பொன்னும், நந்தவனத்துக்கு நிலமும் அளித்து, தம் பெயரைக் கல்லில் வெட்டுவித்தவர் அவர். ‘தேவரடியார்’ என்னும் அவ்வுயரிய சொல்லின் திரிபு இன்று நாவாற் கூறக் கூசும் வசையாய்விட்டது. ஒரு சொல் வீழ்ந்த வீழ்ச்சியை அளந்தால், அதனைத் தாங்கிய குலத்தின் வீழ்ச்சியையும் ஒருவாறு அளக்கலாம்.

இரும்பைக் கூட்டத்தின் நகைப்பு கடல் கடந்தும் ஒலித்த ஒரு நிகழ்ச்சியை இனிக் காண்போம். இரும்பை புதுச்சேரிக்கு வடக்கே உளது. தெற்கே கடலூரை அடுத்து உள்ளது திருவந்திபுரம். அவ்வூர்த் தேவதாசியர் ஐவரும் அவர்தம் இசைக்கலைஞர் மூவரும் 1838-இல் ஒரு பிரெஞ்சு வணிகரால் ஒப்பந்தத்தின்பேரில் ஐரோப்பாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். ஐவருள் இளையவள் ஆறு வயதுச் சிறுமி. பெரும்புகழ் பெற்றவள் பதினெட்டு வயதினளாகிய அம்மணி. பாரிசில் மன்னர் லூயி பிலிப் முன்னிலையில் ஆடினர். வரியத்தே அரங்கில் ஆடினர். பின்னர் இலண்டன் அடெல்பி அரங்கில் ஆடினர்.

பாரிசு மக்கள் இவர்களைக் காணுமுன்பே ‘பயதேர்’ என்னும் இந்திய ஆடல்மகளை அறிந்திருந்ததாக எண்ணியிருந்தனர். 1830-இல் ஓபேர் இசையமைத்த ‘கடவுளும் பயதேரும்’ என்னும் நாடகத்தில், மாரி தல்யோனி என்னும் வெள்ளை நங்கை மெல்லிய வெண்டுகில் அணிந்து நுனிக்காலால் ஆடியிருந்தாள். அந்தப் படிமமே அவர்கள் உள்ளத்தில் நின்றது. திருவந்திபுரத்து மகளிரோ தரையை உள்ளங்காலால் அழுந்த மிதித்து, சதங்கை ஒலிக்க, முகத்தாலும் கையாலும் பொருள் உரைத்தனர். தெயோபில் கோத்தியே என்னும் எழுத்தாளர் இவர்களைப் பெரிதும் பாராட்டி எழுதினார் என்பது உண்மையே. ஆயினும் அவர் எழுத்தில் அம்மணியின் தோல் நிறம் வெண்கலத்தோடு ஒப்புமை கூறி விரித்துரைக்கப்படுகின்றது; அவள் அபிநயித்த பதத்தின் பொருள் அத்துணை இடம் பெறவில்லை. பார் என்னும் சிற்பி அவளை வெண்கலத்திலேயே வடித்தார். பாராட்டும் ஒருவகைச் சிறையாதல் கூடும் என்பதற்கு இச்சிலை ஒரு சான்று.

அப்பாரிசு மாநகரிலேயே இதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றை ஒப்பு நோக்கினால் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். தென்னாப்பிரிக்காவின் கொய்கொய் இனத்துச் சாரா பார்ட்மன் என்னும் கறுப்பினப் பெண் 1810 முதல் இலண்டனிலும் பின்னர்ப் பாரிசிலும் உடலமைப்பின் பொருட்டுக் காட்சிப் பொருளாக்கப்பட்டாள். அவள் 1815-இல் இறந்தபின்னரும் அவளுடைய எலும்புக்கூடு பாரிசு அருங்காட்சியகத்தில் 1970கள் வரை பார்வைக்கு இருந்தது. 2002-இல்தான் தாய்நாட்டு மண்ணில் அடக்கம் செய்யப்பட்டது. அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரிற் பிறந்த சோசபின் பேக்கர் 1925-இல் பாரிசு மேடை ஏறினார். காட்டுவாழ் பெண்ணாகத் தோன்றுமாறு அவரை மக்கள் வேண்டினர். 1926-இல் வாழைப்பழ உருக்களைக் கோத்த அரையாடையுடன் அவர் ஆடிய ஆட்டமே உலகெங்கும் பேசப்பட்டது. அவர் பிறந்ததோ காடு அன்று, தொழிற்பெருநகர். அமெரிக்க நடிகை அட்டி மெக்டேனியல் 1940-இல் ஆசுக்கர் பரிசு பெற்ற முதற் கறுப்பினத்தவர். பரிசு பெற்ற இரவில் தம்முடன் நடித்தோரோடு ஒரு மேசையில் அமர அவருக்கு இடமில்லை. சுவரோரத்தில் தனி மேசை இடப்பட்டது. பணிப்பெண் வேடத்தையன்றிப் பிறிதொன்றை அவருக்கு வழங்குவார் அரியர். அவ்வேடத்தை ஏற்றமைக்காகத் தம் இனத்தவரின் கண்டனத்தையும் அவர் சுமந்தார்.

இனமும் குலமும் ஒன்றல்ல. நிறத்தை மறைத்தல் இயலாது. குலப்பெயரை ஒருவர் துறத்தல் இயலும். ஆனால் துறந்தாலன்றி மேடையில்லை என்னும் நிலை வரும்போது, அத்துறவும் ஒரு தண்டமே ஆகின்றது. சென்னையில் நிகழ்ந்தது இதுவாகும்.

1890களில் சதிர் எதிர்ப்பு இயக்கம் வலுப்பெற்றது. இளம் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதால் விளைந்த கொடுமைகள் பொய்யல்ல. அவற்றை உள்ளிருந்தே கண்டவர் தேவதாசி குலத்துத் தாய்க்குப் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியாரும், அச்சூழலில் வளர்ந்து 1936-இல் ‘தாசிகள் மோசவலை’ என்னும் புதினத்தை எழுதிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் ஆவர். பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் 1947-இல் நிறைவேறியது. அது வேண்டத்தக்க சட்டம் என்பதில் எமக்கு ஐயமில்லை. எம் வினா வேறு. சட்டம் கோயில் வழக்கத்தை ஒழித்தது. அதற்கு முன்னரே கலை வேறு கைகளுக்கு மாறத் தொடங்கிவிட்டது. 1931-இல் சென்னைச் சங்கீத வித்வத் சபையில் கல்யாணி அம்மாளின் புதல்வியர் ஆடினர். 1932-இல் சதிர் ‘பரதநாட்டியம்’ எனப் பெயர் பெற்றது. மயிலைக் கபாலீசுவரர் கோயிலைச் சேர்ந்த கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்ற உருக்மிணி தேவியார் 1935-இல் அடையாற்றில் ஆடினார். அவரது தொண்டு பெரிது. எனினும் மேற்கூறிய சாந்தையின் கதை ஈண்டு நினைவுக்கு வாராமற் போகாது.

பழைய மரபினர்க்கு இரு வழிகளே எஞ்சின. எம். எஸ். சுப்புலட்சுமி ஒரு வழியைக் காட்டுகின்றார். ‘மதுரை சண்முகவடிவு’ என்னும் தாயின் பெயரே அவருடைய முன்னெழுத்துகள். ‘நக்கன்’ என்பதற்குப்பின் தந்தை பெயர் வாராத கல்வெட்டு மரபின் நெடுந்தொலைவு எதிரொலி அது எனலாம். 1940-இல் மணம் புரிந்து, 1945-இல் ‘மீரா’ படத்தில் நடித்தபின், பக்தியும் மனைமாட்சியும் பொருந்திய திருவுருவாகவே நாடு அவரைக் கண்டது. அவ்வுருவிற் சிறிதும் பிசகாது அறுபது ஆண்டு வாழ்தல் எளிதன்று. அவர் இசையைப் புகழ்வோர் அவ்வுழைப்பைப் புகழ்வதில்லை.

மற்றொரு வழி பாலசரசுவதியுடையது. வீணை தனம்மாளின் பேர்த்தியாகிய அவர், 1925-இல் ஏழாம் வயதிற் காஞ்சியில் அரங்கேறியவர். சிருங்காரத்தைக் களைந்து நடனத்தைத் தூய்மை செய்தல் வேண்டும் என்று பலரும் உரைத்த காலத்தில், அதனிற் களைவதற்கு ஒன்றுமில்லை, சிருங்காரமே அதன் உயிர் என்று அவர் இறுதிவரை நின்றார். குலத்தை மறைக்கவுமில்லை. சித்தர் கண்டவாறு ஆட்டத்தைக் காணுமாறு அவையினரை அவர் வற்புறுத்தினார் எனலாம். 1962-இல் அமெரிக்காவில் ஆடினார். 1973-இல் வித்வத் சபை அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது.

இவ்விருவர்க்கும் மூத்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தஞ்சை மராட்டியர் அவையைச் சார்ந்த கணிகைப் புலவர் முத்துப்பழனியின் ‘இராதிகா சாந்துவனம்’ என்னும் தெலுங்குக் காவியத்தை அவர் 1910-இல் முழுமையாகப் பதிப்பித்தார். ஆடவர் பாடிய சிருங்காரம் காவியம் என்றும், கணிகை பாடியது ஆபாசம் என்றும் கொள்ளப்பட்டமையை எதிர்த்து அவர் வாதிட்டார். ஆங்கில அரசு நூலைத் தடை செய்தது. விடுதலைக் காலத்தில்தான் தடை நீங்கியது. பின்னர்த் தம் நகைகளையும் பொருளையும் செலவிட்டுத் திருவையாற்றில் தியாகராசர் சமாதிக்குக் கோயில் எழுப்பினார். அக்கோயில் எழுந்த பின்னும் ஆராதனையிற் பெண்கள் பாட இசைவில்லை. ஆகவே பெண்களைக் கூட்டித் தனி ஆராதனை நடத்தினார். 1952-இல் அவர் மறைந்தார். அவர் சமாதி தியாகராசர் சமாதிக்கு எதிரிலேயே அமைந்துள்ளது. ஆண்டுதோறும் தை மாதத்திற் பாட வருவோர், ஆடவரும் பெண்டிரும், அவர் சிலையைக் கண்டே உட்புகுகின்றனர்.