கணுக்கால் பிசகினால் உருவி விடலாமா?

விளையாடப் போன பிள்ளை நொண்டிக்கொண்டு வந்தால், நாம் உடனே எண்ணெய் தேய்த்து உருவி விடுகிறோம். எலும்பு முறிந்திருந்தால் அது பாதிப்பைக் கூட்டிவிடும்.

1992-இல் கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் வெளியிட்ட விதிகளில் முக்கியமானவை இரண்டு: கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்பின் நுனியிலோ பின்விளிம்பிலோ அழுத்தினால் வலிக்கிறதா? நான்கு அடி நடக்க முடியவில்லையா? ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

இல்லையென்றால் அது பெரும்பாலும் சுளுக்குதான். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் 15 நிமிடம் வைத்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலை உயர்த்தி வைக்கலாம்.

கால் கோணியிருந்தாலோ விரல்கள் மரத்துப்போனாலோ காத்திருக்கக் கூடாது. நம் பகுதியில் காரைக்குடி அரசு மருத்துவமனையும், மதுரைச் சாலையில் மானகிரி அப்போலோ ரீச் மருத்துவமனையும் உள்ளன.