உப்புப் பயணமும் ஊர் மக்களும்

வரலாறு என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவோர் மன்னர்களும் தளபதிகளும் தலைவர்களுமே ஆவர். கல்வெட்டிலும் செப்பேட்டிலும் அவர்தம் பெயர்களே பெரிதும் பொறிக்கப்பெற்றுள்ளன. படை நடந்தபோது அதற்குச் சோறு ஆக்கியவர் யார், தண்ணீர் சுமந்தவர் யார், வழி காட்டியவர் யார் என வினவுவோமாயின், ஏடுகள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. ஏடுகள் மறந்ததை நினைவூட்டும் ஆற்றல் ஒரு கலைக்கு உண்டு. பழைய நிகழ்ச்சியொன்றை, நடந்த வண்ணமே மக்கள் கூடி மீண்டும் நடத்திக் காட்டுகின்றார்களே, அதனையே குறிப்பிடுகின்றேன். மீள்நடிப்பு என்று அதற்குப் பெயரிடலாம். மேடை நாடகத்திற்குப் பத்துப் பாத்திரங்கள் போதும். மீள்நடிப்பிற்கோ ஓர் ஊரே வேண்டும். அவ்வூரை அமைப்பதில்தான் அதன் வெற்றியும் தோல்வியும் அடங்கியுள்ளன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இக்கலை நமக்குப் புதியதன்று. தமிழ்நாட்டின் வடபகுதியில், திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில், பாரதப் போர் ஆண்டுதோறும் மீண்டும் நிகழ்கின்றது. பகலில் பாரதம் படிக்கப்பெறும். இரவில் தெருக்கூத்து நடைபெறும். நிறைவில் படுகளத்தன்று துரியோதனனின் பேருருவம் திறந்த வெளியில் மண்ணால் அமைக்கப்பெறும். வீமனாகவும் துரியோதனனாகவும் வேடம் புனைவோர் கூத்தர் சிலரே. ஆனால் மண் சுமப்போரும், உருவம் வனைவோரும், இசை முழக்குவோரும், தீக்குழிக்கு விறகு சேர்ப்போரும் ஊர் மக்களே. அவரவர்க்குரிய பணி இன்னது என்பதை ஊரே வகுத்து வைத்திருக்கின்றது. பார்ப்பவரும் பங்கு கொள்பவரும் வேறல்லர் என்னும் நிலை அங்கே உண்டு.

மேலை நாடுகளில் இது கழகங்கள் வாயிலாக வளர்ந்துள்ளது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மன்னர்க்கும் பாராளுமன்றத்திற்கும் மூண்ட உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டும் பொருட்டு, 1968ஆம் ஆண்டில் பீட்டர் யங் என்னும் ஓய்வுபெற்ற படைத்தலைவர் ‘சீல்டு நாட்’ என்ற கழகத்தை நிறுவினார். ஈட்டியும் துப்பாக்கியும் ஏந்துவோரால் மட்டும் இத்தகைய கழகம் நடைபெறாது. அணிகளுக்கிடையே தண்ணீர் கொண்டு செல்வோரும், பாசறையில் அடுப்பு மூட்டுவோரும், காயத்திற்குக் கட்டுப் போடுவோரும் அக்காலத்து உடையிலேயே உலவுதல் வேண்டும். அவர்களை ஒழுங்குபடுத்தவும் பொறுப்பாளர் வேண்டும்.

பொதுமக்கள் வேடத்தை விட்டுவிட்டால் விளைவது குறை மட்டுமன்று; பொய்யும் விளையும். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள வில்லியம்ஸ்பர்க் நகரம் பதினெட்டாம் நூற்றாண்டுக் கோலத்தில் மீட்டமைக்கப்பெற்ற காட்சி நகரமாகும். அந்நூற்றாண்டில் அங்கு வாழ்ந்தோருள் ஏறத்தாழப் பாதிப் பேர் ஆப்பிரிக்க வழியினர், பெரும்பாலோர் அடிமைகள். எனினும் அவர்கள் வாழ்வை வேடமிட்டுக் காட்டும் முயற்சி 1979ஆம் ஆண்டில்தான் அங்கே முறையாகத் தொடங்கிற்று. அதுவரை அந்நகரைக் கண்டு சென்ற மக்கள், பளபளக்கும் மாளிகைகளைக் கண்டார்களேயன்றி, அவற்றைத் துடைத்த கைகளைக் கண்டாரில்லை.

மேனாட்டுச் செய்தி இவ்வளவில் நிற்க. நம் நாட்டில் அடிக்கடி மீண்டும் நடத்திக் காட்டப்பெறும் நிகழ்ச்சி எதுவெனில், அது உப்புப் பயணமே. காந்தியடிகள் 78 தொண்டர்களுடன் 1930ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் சபர்மதியிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 240 மைல் நடந்து, ஏப்பிரல் 6ஆம் நாள் தண்டியில் உப்பெடுத்தார். அதன் 75ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி 2005இலும், நாட்டு விடுதலையின் 75ஆம் ஆண்டு விழாவின் தொடக்கமாக 2021இலும் அதே வழியில் மக்கள் நடந்தனர். 2021இல் நடக்கத் தெரிந்தெடுக்கப்பெற்றோர் 81 பேர்.

நடந்தவர் தொகையை நாம் எளிதில் எண்ணிவிடுகின்றோம். நடக்க வைத்தவர் தொகையை எண்ணினோமா? காந்தியடிகளின் அணிக்கு முன்பாக, குஜராத் வித்யாபீட மாணவர்களின் குழுவொன்று ஊர் ஊராகச் சென்றது. ‘அருண் துக்டி’ என்பது அதன் பெயர். வைகறைப் படை என நாம் பொருள் கொள்ளலாம். தங்குமிடம், எளிய உணவு, தண்ணீர், கழிப்பிடம் ஆகியவற்றை அம்மாணவர்கள் ஏற்பாடு செய்தனர். அவ்வூரில் எத்தனை இராட்டைகள் சுழல்கின்றன, எத்தனை பேர் வாழ்கின்றனர் என்பன போன்ற விவரங்களையும் திரட்டினர். ஒரு கட்டத்தில், இரவு நடைக்கு வெளிச்சம் தரும் பொருட்டுக் கூலியாள் கனத்த எண்ணெய் விளக்கைத் தலையில் சுமந்துவர நேர்ந்தது. அதனைக் கண்டு உள்ளம் நொந்த அடிகள், சூரத்து மாவட்டத்துப் பட்காம் என்னும் சிற்றூரில் தம் அணியினரையே கடிந்து பேசினார். ஏழையின் தலைச்சுமையில் ஏறிச் செல்லும் பயணம் ஏழைக்கான பயணமாகாது என்பது அவர் கருத்து. பின்னாளில் தண்டிப் பயணத்தை நடித்துக் காட்டுவோர் தடியும் மூக்குக் கண்ணாடியும் மறவாமல் தேடுகின்றனர். அந்த விளக்குச் சுமந்தவரைத் தேடுவோர் அரியர்.

இனி நம் தமிழகத்திற்கு வருவோம். அதே 1930ஆம் ஆண்டில், ஜாலியன்வாலாபாக் நினைவு நாளாகிய ஏப்பிரல் 13 அன்று, மூதறிஞர் இராஜாஜி ஏறத்தாழ 100 தொண்டர்களுடன் திருச்சிராப்பள்ளியில் டாக்டர் தி. சே. சௌ. ராஜன் இல்லத்திலிருந்து புறப்பட்டார். நாமக்கல் கவிஞர் இயற்றிய வழிநடைப் பாடல் முழங்க, தஞ்சை, குடந்தை, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக 150 மைல் நடந்து, ஏப்பிரல் 28 அன்று அவ்வணி வேதாரண்யம் அடைந்தது. ஏப்பிரல் 30 அன்று இராஜாஜி உப்பெடுத்துச் சிறை புகுந்தார். இவையெல்லாம் பாடநூலில் நாம் படித்தவையே.

பாடநூல் விரித்துரையாத பகுதியே ஈண்டு நமக்கு வேண்டுவது. அக்காலத்தில் தஞ்சை மாவட்ட ஆட்சித்தலைவராக இருந்தவர் தார்ன் என்னும் ஆங்கிலேயர். அவர் தொண்டர்களை வழியில் அடித்து விரட்ட முற்படவில்லை. வேறொரு வழி கண்டார். தொண்டர்க்கு உணவோ உறைவிடமோ அளிப்போர் சிறைத் தண்டனைக்கு ஆளாவர் என்று தமிழில் அறிவிப்பு வெளியிட்டு ஊர்தோறும் பரப்பினார். தொண்டர்களின் காலைக் கட்டுவதினும் ஊரார் கையைக் கட்டுவது எளிது என்பது அவர் கணக்கு. பசித்த வயிற்றுடன் எத்தனை நாள் நடந்துவிடுவார்கள் என்று அவர் எண்ணியிருத்தல் வேண்டும். பயணத்தின் உயிர்நாடி நடப்பவரிடம் இல்லை, சோறிடுபவரிடமே உள்ளது என்பதை நம் வரலாற்று ஆசிரியர்க்கு முன்பே அந்த ஆங்கிலேயர் உணர்ந்திருந்தார் எனல் மிகையன்று.

அவர் போட்ட கணக்கைக் காவிரிக்கரை மக்கள் பொய்யாக்கினர். குடந்தையில் பந்துலு ஐயர் தொண்டர்களை வெளிப்படையாகவே வரவேற்று விருந்தோம்பினார். அதற்காக ஆறு மாதம் சிறையில் இருந்தார். வெளிப்படையாகச் செய்ய இயலாதவர் வேறு வழி கண்டனர். சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். ஆற்றங்கரையில் தொண்டர் இளைப்பாறும் இடங்களில் உணவுக் கலங்களைப் புதைத்து வைத்து, இன்ன இடம் என்பதற்கு அடையாளமும் விட்டுச் சென்றனர். மரத்தில் தொங்கும் சோற்றுக்கு யார் மீது வழக்குத் தொடுப்பது? விருந்தினர்க்கு இலை போட்டு முகமலர்ந்து பரிமாறுவதே நம் பண்பு. முகத்தைக் காட்டாமலே பரிமாற நேர்ந்த அந்நாளில் விருந்தோம்பல் அறமே போராட்டமாக மாறிற்று.

வேதாரண்யத்தில் இது மேலும் ஒரு படி உயர்ந்தது. சர்தார் வேதரத்தினம் பிள்ளை தொண்டர்க்கு அரணாக நின்று சிறையும் இழப்பும் ஏற்றார். ஊரிலுள்ள முடிதிருத்துவோரும் சலவைத் தொழிலாளரும் காவலர்க்குப் பணி செய்ய மறுத்தனர். அவருள் வைரப்பன் என்பாரை அவ்வூர் மக்கள் இன்றும் வழிவழியாகப் போற்றுகின்றனர். சாதாரண உடையில் வந்து அமர்ந்த ஒருவர்க்கு முகம் மழிக்கத் தொடங்கிய வைரப்பன், பாதியில் அவர் காவலர் என்று அறிந்ததும் கத்தியை மடக்கி வைத்துவிட்டாராம். வற்புறுத்தியும் இசையாமல் சிறை சென்றார். அவர்க்கு வேதாரண்யத்தில் நினைவுச் சின்னமும் உண்டு. அவர் ஒரு மைல்கூட நடந்தாரில்லை. ஒரு பிடி உப்பும் அள்ளினாரில்லை. தம் தொழிலைச் செய்யாமல் நிறுத்தியதே அவர் செய்த அறப்போர்.

இப்பயணத்தின் நினைவாகத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்திற்குத் தொண்டர்கள் நடந்து செல்வதும், ஏப்பிரல் 30 அன்று அகத்தியம்பள்ளி நினைவுத்தூண் அருகே உப்பள்ளுவதும் மரபாகி வந்துள்ளன. போற்றத்தக்க மரபு அது. எனினும் நடையும் உப்பும் மட்டுமே மீள நிகழ்ந்தால், காண்பவர் உள்ளத்தில் பதிவது பாதி வரலாறே. வழியெங்கும் மாலையும் மோரும் அளித்து வரவேற்கும்போது, அன்று ஒரு குவளை மோர் கொடுத்தால் சிறை என்றிருந்த அச்சத்தை இளைஞர் எங்ஙனம் அறிவர்? அச்சம் தெரிந்தால்தானே துணிவும் தெரியும்!

இச்செய்தி லோத்குண்டாவிலும் திருமலகிரியிலும் போலாரத்திலும் வாழும் தமிழராகிய நமக்கு ஒருபடி நெருக்கமானது. 1798இல் நிஜாமுடன் ஆங்கிலக் கம்பெனி செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக உசேன்சாகர் ஏரிக்கு வடக்கே துணைப்படை தங்கிற்று. 1806இல் அவ்விடம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் ஆயிற்று. சென்னைப் படையைச் சார்ந்த அணிகள் இங்கு வந்தபோது சிப்பாய்கள் மட்டுமா வந்தனர்? தோல்பையில் தண்ணீர் சுமந்தோர், துணி வெளுத்தோர், குதிரைக்குப் புல்லறுத்தோர், சமையல் செய்தோர், கடை வைத்தோர் எனப் படையினும் பெருங்கூட்டம் பின்தொடர்வதே அக்காலப் படைகளின் இயல்பு. அணிகளின் பெயர்களும் அவை பெற்ற விருதுகளும் ஆவணங்களில் நிலைத்துள்ளன. புல்லறுத்தவர் பெயர் எங்கும் இல்லை. இப்பகுதித் தமிழ்க் குடும்பங்களுள் எத்தனையோ அத்தகையோர் வழி வந்தவை. அது நாணத்தக்கதன்று; நிமிர்ந்து நின்று சொல்லத்தக்கது.

2030ஆம் ஆண்டு ஏப்பிரலில் வேதாரண்யப் பயணம் நூறாண்டு நிறைவு எய்தும். அவ்வேளையில் நம் போன்ற சங்கங்கள் அதனை மீள்நடிப்பாக நிகழ்த்த முன்வருதல் வேண்டும். மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தராகப் பணியாற்றும் எனக்கு, ஓர் ஆணையில் கையொப்பமிடுபவர் ஒருவரேயாயினும், அதன்பின் எத்தனை மேசைகள் உழைத்துள்ளன என்பது நாள்தோறும் காணும் காட்சி. அந்தப் பழக்கத்தால் சில யோசனைகளைக் கூறத் துணிகின்றேன்.

முதலாவது, தொண்டர் அணிக்கு ஒரு பொறுப்பாளர் இருத்தல் போலவே, ஊர் மக்கள் வேடத்திற்கும் தனிப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். எஞ்சியவர்களை எல்லாம் கூட்டம் என ஒரு மூலையில் நிறுத்திவிடுதல் தகாது. ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஓர் ஊர், ஒரு தொழில், ஒரு பணி என எழுதிக் கொடுத்தல் வேண்டும். குடந்தையில் சோறிடும் வீடு எது, மரத்தில் பொட்டலம் கட்டும் சிறுவன் யார், ஆற்றங்கரையில் அடையாளம் வைக்கும் மூதாட்டி யார் என்பன முன்கூட்டியே முடிவாதல் வேண்டும்.

இரண்டாவது, ஆட்சித்தலைவரின் அறிவிப்பைப் படிக்கும் காட்சி முதலில் அமைய வேண்டும். அதனைக் கேட்டபின்பே மக்கள் அடுப்பு மூட்ட வேண்டும். காவலராக நடிப்போரையும் கொடியவராக மட்டும் காட்டலாகாது. அவருள்ளும் தமிழர் இருந்தனர். தம் ஊராரே தமக்கு முகம் மழிக்க மறுத்தபோது அவர் பட்ட பாடும் வரலாறே.

மூன்றாவது மிகவும் இன்றியமையாதது. வைரப்பன் வேடத்தை அத்தொழில் மரபினர் வீட்டுப் பிள்ளைக்கே கொடுப்பது என்னும் வழக்கம் தலைகாட்டுதல் கூடாது. குலத்தைப் பார்த்து வேடம் வகுப்போமாயின், சமத்துவம் வேண்டிய ஓர் அறப்போரை நடித்துக்கொண்டே அதனை நாம் மறுத்தவராவோம். இராஜாஜியாக நடிக்க எத்தனை பேர் போட்டியிடுகின்றார்களோ, அத்தனை பேர் வைரப்பனாக நடிக்கவும் முன்வரும் நிலையைப் பொறுப்பாளர் உண்டாக்குதல் வேண்டும். அப்பெருமகனின் கதையை நன்கு எடுத்துரைத்தால் அந்நிலை தானே வரும் என்பது என் நம்பிக்கை.

பிற மொழியாளரிடையே வளரும் நம் பிள்ளைகள், தமிழர் வரலாறு என்றால் கோட்டையும் கொடியும் என்றே கேட்டு வளர்கின்றனர். ஒரு பொட்டலச் சோறும் வரலாறு ஆகும், மடக்கி வைத்த ஒரு சவரக்கத்தியும் வரலாறு ஆகும் என்பதை அவர்கள் தாமே நடித்து அறியட்டும். தலைவராகப் பிறப்பது எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. தக்க வேளையில் ஒரு கதவைத் திறந்து வைப்பது எவர்க்கும் இயலும். அக்கதவைத் திறந்தவர்க்கு நம் சங்கத்தின் அரங்கிலேனும் ஓர் இடம் அளிப்போமாக!