பாசறைக் கைவாள் (யாழ்ப்பாணக் குடாநாடு)

குறைந்த பொருட்களோடு வெளியில் தங்குவோர் விறகும் கம்பும் அறுக்கக் கொண்டுசெல்லும் சிறு வாள். தமிழ்நாட்டார் ரம்பம் என்பர். எந்த வாள் என்பதை அவ்விடத்து மரமே தீர்மானிக்கிறது.

தொல்காப்பியத்தின் மரபியல் வெளியே வைரம் கொண்டவற்றைப் புல் என்றும், உள்ளே வைரம் கொண்டவற்றை மரம் என்றும் வகுக்கிறது. பனை, தென்னை, மூங்கில் முதல் வகை. வேம்பு, பூவரசு, பாலை, முதிரை இரண்டாம் வகை. ஒருவித்திலை, இருவித்திலை என்னும் தாவரவியல் பிரிவோடு இது பெரிதும் பொருந்துகிறது. வாள் தேர்வோருக்கும் இதைவிட நல்ல பிரிவு இல்லை. பனந்தண்டின் வெளிவட்டம் கருநார் நெருங்கிய கடும் வைரம், நடுப்பகுதி மென்மையானது. குறுக்கே அறுத்தால் நார் பல்லில் சிக்கும், பல் மழுங்கும். நெடுக்கிலோ அதே நார் நேராகப் பிளந்துகொடுக்கும். ஆகவே யாழ்ப்பாணத்தார் பனையைக் கோடாலியால் தறித்து, ஆப்பு இறுக்கிப் பிளந்து, வளையும் சலாகையும் எடுத்தனர். ஒல்லாந்தர் காலத்தில் (1658–1795) பனைமரம் குடாநாட்டின் முக்கிய ஏற்றுமதிகளுள் ஒன்று. இவ்வேலைகள் எல்லாவற்றிலும் வாளின் பங்கு சிறிதே.

மற்ற மரங்களுக்கு வாள் வேண்டும். நெடுக்கே அரியும் பல் உளிபோல் தட்டையானது. குறுக்கே அறுப்பது இருபுறமும் சரித்துத் தீட்டியது. பாசறைக்கு உரியது பின்னது. தள்ளி அறுக்கும் வாளின் அலகு வளையாதிருக்கத் தடிப்பாக இருக்கவேண்டும். ஜப்பானிய முறையில் இழுத்து அறுப்பதற்கு மெல்லிய அலகே போதும், பாரமும் குறையும். சுவீடனின் பாகோ லாப்லாண்டர் மடக்குவாளின் அலகு 19 செ.மீ.; அலகு நீளத்தின் பாதியளவு தடிப்பே வசதியான எல்லை என்பதால் 9 செ.மீ. கம்புவரை அதை நம்பலாம். காய்ந்த முதிரைக்குச் சிறுபல், பச்சைக் கிளுவைக்குப் பெரும்பல். பழைய வாளை முப்பட்டை அரத்தால் தீட்டலாம். பல்முனை கடினமாக்கிய புதுவகை அலகு மழுங்கினால் மாற்றத்தான் வேண்டும். கடற்காற்றில் துருவேறாதிருக்க எண்ணெய் பூசுவது அவசியம்.

எனினும் குடாநாட்டில் பெருங்காடு இல்லை. பனங்கூடலில் தங்குவோருக்கு விழுந்த காவோலை, மட்டை, கங்குமட்டை, ஊமல் ஆகியவையே அடுப்புக்குப் போதும். பன்னாடை நெருப்பு மூட்ட உதவும். இவற்றுக்கு ஒரு நல்ல கத்தியே மிகை. மணற்காட்டின் சவுக்குச் சுள்ளிக்கும் வாள் ஆடம்பரம்தான். பாலையும் முதிரையும் நிற்கும் வன்னிக்குப் போகிறவர் மடக்குவாள் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும்.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகப் பெருந்தொகைப் பனைகள் தறிக்கப்பட்டன. பச்சைப் பனையைத் தறிக்க இன்று அனுமதி தேவை. பெருமரம் இப்போது செயின்சோவுக்கு உரியது. அதைப் பதிவு செய்தே வைத்திருக்கலாம்.